யார் ஊட்டுக்கு, நைனா?

டிராகன் அப்படி என்னதான் தப்பு செய்தது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். மலையில் ஒரு குகை, குகைக்குள் தங்கம், தங்கத்தின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. தங்கத்தைச் சாப்பிடவா முடியும்? பூந்தமல்லி கடைத்தெருவுக்கு எடுத்துப் போய் ஒரு புடவை வாங்கப் போகிறதா? பூதம் காத்த மாதிரி சும்மா காத்துக்கொண்டு கிடக்கிறது. எங்கிருந்தோ ஒரு இளவரசன் வருகிறான், கத்தியால் குத்துகிறான், மூட்டை கட்டிக்கொண்டு போகிறான். காத்தது வில்லன், எடுத்துக்கொண்டு போனவன் ஹீரோ. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு டிராகனுக்காக நான் வரிந்துகட்டிக்கொண்டு பேசுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. வயிறு எரிகிறது.

என் மகள் அப்போது ஐந்தாவது படித்தாள். காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகள் அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஐடியில் வேலை, மதுரை, கோயமுத்தூர், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். மீதிப் பாதி எங்களை மாதிரி. நாங்கள் பாரிவாக்கம்தான். என் அப்பா அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற சட்டையில் எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே பட்டன் கோணலாக இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கத் தப்பு தேடுகிற கண் இது. அந்தக் கண்ணுக்குத் தன் வீட்டுக்குள் நடந்த தப்பு தெரியாமல் போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் மகள் பையைக்கூட இறக்காமல் ஓடிவந்தாள்.

"மா! ஆனுவல் டேல நான்தான் டிராகன்!"

ஆண்டு விழாவுக்குத் தமிழ் நாடகம் போடுகிறார்களாம். தங்கத்தைப் பதுக்கி வைத்திருக்கும் கொடிய டிராகன், அதைத் தேடிப் போகும் இளவரசன், இளவரசி, நான்கு தோழர்கள். எல்லாப் பெண் பிள்ளைகளும் இளவரசிக்குத்தான் கை தூக்கியிருக்கிறார்கள். டிராகனுக்கு ஒருவரும் தூக்கவில்லை. கதையை மிஸ் சொல்லிக்கொண்டு வரும்போது என் மகள் நடுவில் எழுந்து கேட்டிருக்கிறாள்: "அது இன்னாத்துக்கு மிஸ் தங்கத்து மேலயே குந்திகினு கீது?"

வகுப்பே கொல்லென்று சிரித்திருக்கிறது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "சூப்பர்! டிராகன் இப்படித்தான் பேசணும். நீதான் டிராகன்!" என்று சொல்லிவிட்டார்.

கேட்டது நல்ல கேள்வி. நான் இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிற அதே கேள்வி. மிஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்ட வாயைப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் இப்போது உறைக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைக்கு முக்கியமான வேஷம் கிடைத்ததே என்று சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு கேசரி கிளறினேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் என்னைப் பள்ளிக்கூட கேட்டில் பார்த்தார். சின்ன வயசுதான், எப்போதும் சிரித்த முகம், கெட்டவர் இல்லை. "அம்மா, டிராகன் டயலாக் மட்டும் நீங்களே எழுதிக் குடுங்களேன். வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே. அப்பதான் நேச்சுரலா இருக்கும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவது முடித்த பிறகு என்னை யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. கம்பெனியில் நான் எழுதுவதெல்லாம் சட்டை நம்பரும் என்ன தப்பு என்பதும்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, எழுத ஆரம்பித்தேன். டிராகனின் முதல் வசனம் யோசிக்காமலே வந்துவிட்டது.

"இன்னா நைனா, யார் ஊட்டுக்குப் போற?"

அது என் அப்பாவின் வசனம்.

நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியான பிறகு, அப்பா தான் நாற்று நட்ட அதே இடத்தில் வாட்ச்மேன் ஆனார். நீலச் சட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, ஆளையே மறைக்கிற மாதிரி ஒரு பெரிய கறுப்புக் குடை. கேட்டுக்குள் யார் நுழைந்தாலும் ஒரே கேள்வி: "யார் ஊட்டுக்கு, நைனா?" கொரியர் கொண்டுவருகிறவருக்கும் நைனா, காரில் வருகிற பெரிய மனிதருக்கும் நைனா, இடுப்பில் இருக்கிற கைக்குழந்தைக்கும் நைனா. எங்கள் பக்கம் பெற்ற அப்பாவையும் நைனா என்போம், பெற்ற பிள்ளையையும் நைனா என்போம். அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது, அதைவிட ஒரு கொஞ்சலும் கிடையாது.

யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். வாட்ச்மேன் மரியாதை இல்லாமல் பேசுகிறார், வா போ என்று ரவுடி மாதிரி கூப்பிடுகிறார் என்று. அசோசியேஷன் செகரட்டரி அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேல் சார், மேடம், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்டில் அவர் பேசுவதே நின்றுபோனது. அந்த "சார்" அவர் பேச்சில் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. நோட்டை நீட்டுவார், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவார், அவ்வளவுதான். எட்டு வருஷம் அப்படியே இருந்தார். சாகும்வரை அந்த வேலைதான்.

அதனால்தான் எழுதினேன். ஹால் நிறையக் கூட்டம் இருக்கும், மைக் இருக்கும், அந்த வீடுகளில் குடியிருக்கிறவர்களே முன்வரிசையில் இருப்பார்கள். அவர் பேத்தி மேடையில் நின்று "யார் ஊட்டுக்கு, நைனா?" என்று கேட்பாள். அவர்கள் கைதட்டுவார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

என் டிராகன் பேராசைக்கார டிராகன் இல்லை. அதற்கு நான் எழுதிய பெரிய வசனம் இது: "இத்தெல்லாம் என்துன்னா நெனச்ச? எவனோ வெச்சிட்டுப் போனது, நைனா. நான் குந்திகினு காவல் காக்கறேன். நாளைக்கு ஊட்டுக்காரங்க வந்து எங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

கேன்டீனில் கூட வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரும் வாட்ச்மேன்தான், ஆவடியில்.

மிஸ் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பெரிய வசனத்தின் மேல் ஒரு கோடு போட்டார். "வில்லன்னா பேராசை இருக்கணும்மா. பாவமா ஆயிடுச்சுன்னா குழந்தைங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க." அதற்குப் பதில் "எல்லாம் எனக்குத்தான்! ஹா ஹா ஹா!" என்று எழுதினார். இன்னா, கீது, ஊடு, நைனா எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். சொன்ன விஷயத்தை எடுத்துவிட்டார். நானும் டீச்சருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

உடுப்பு நான்தான் தைத்தேன். கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட பச்சை லைனிங் துணி, செதில் செதிலாக வெட்டி அடுக்கி. இறக்கைக்கு எவ்வளவு யோசித்தும் எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் குடையை எடுத்து நடுவில் இரண்டாக அறுத்துவிட்டேன். முதுகில் மாட்டியதும் அச்சு அசலாக டிராகன் இறக்கை. கையைத் தூக்கினால் விரியும், இறக்கினால் மடங்கும். மகள் அதை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அவள் அப்பாவை மறித்தாள். "இன்னா நைனா, யார் ஊட்டுக்குப் போற?" அவர் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "உட்ரு தாயி, நான் இந்த ஊட்டு மாப்ள!" மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

விழாவன்று அவருக்கு வண்டியை விட்டு வர முடியவில்லை. நான் மட்டும் போனேன், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

இளவரசன் வந்தான். "நில்! இதுதான் அந்தக் கொடிய பறக்கும் நாகத்தின் குகை!" என்று வாயெல்லாம் செந்தமிழ். இளவரசியும் செந்தமிழ். தோழர்கள் நான்கு பேரும் செந்தமிழ். கூடையில் வைத்திருந்த அட்டை முயல்கூட இரண்டு வார்த்தை செந்தமிழில் பேசியது. பிறகு குகை திறந்தது, என் மகள் இறக்கையை விரித்தாள்.

"இன்னா நைனா, யார் ஊட்டுக்குப் போற?"

ஹால் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன். அப்பா, கேட்டியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வசனம், "இங்க இன்னா கீதுன்னு வந்த?" அதற்கும் சிரித்தார்கள். நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியும்: அதில் நகைச்சுவை ஒன்றும் கிடையாது. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள், அவ்வளவுதான். அடுத்தது, "அப்பால போ." அதற்கும் சிரிப்பு. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செக்கிங் கண் அப்போதுதான் விழித்துக்கொண்டது. இவர்கள் டிராகனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா தன் மகனிடம் குனிந்து சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "பாத்தியா? டிரைவர் அங்கிள்கிட்ட கத்துக்கிட்டு வந்து பேசுறியே, இதான் அது. பேட் கேரக்டர்ஸ்தான் இப்படிப் பேசுவாங்க. இனிமே பேசக் கூடாது, சரியா?"

திரும்பிப் பார்த்தேன். நல்ல முகம். பிள்ளைக்கு நல்லது சொல்லிக்கொடுக்கிற முகம். ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மேடையில் இளவரசன் கத்தியை ஓங்கினான். மிஸ் கடைசியில் ஒரு வசனம் சேர்த்திருந்தார், நான் எழுதியதில்லை. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, பூட்டேன் நைனா, பூட்டேன்!" என்று சுற்றிச் சுற்றிக் கீழே விழுந்தாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். புதையல் பெட்டியைத் திறந்து, தங்கத் தாள் சுற்றிய சாக்லேட்டை இளவரசனும் இளவரசியும் அள்ளி அள்ளிக் கூட்டத்தைப் பார்த்து வீசினார்கள். திரை மூடும்வரை டிராகன் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் குப்புறக் கிடந்தாள். அப்பாவின் குடையில் ஒரு கம்பி மட்டும் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சாக்லேட் அவள் முதுகில் விழுந்து உருண்டு இளவரசியின் காலடிக்குப் போனது. அவள் அசையவே இல்லை. அவ்வளவு நன்றாக நடித்தாள்.

முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் போனேன். மிஸ் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணுதாம்மா இன்னிக்கு ஹைலைட்!"

"நல்லா இருந்துச்சு மிஸ். ஆனா, டிராகன் மட்டும் ஏன் அப்படிப் பேசணும்? மத்தவங்களும் கொஞ்சம் பேசியிருக்கலாமே" என்றேன்.

"ஃபன்தானேம்மா! வில்லன் அப்படிப் பேசினாத்தான் எடுபடும். இளவரசி அப்படிப் பேசினா நல்லாவா இருக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் இப்போது மிஸ்ஸிடம் எப்படிப் பேசினேன்? "இருந்துச்சு." "பேசியிருக்கலாமே." கம்பெனியில் "இன்னாடி, துன்னியா?" என்று கேட்கிறவள் நான். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுகிற மாதிரி, என் பேச்சை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். ஐந்து வருஷமாக. யாரும் சொல்லாமலே. மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மிஸ் மேல் கோபம், பின்வரிசை அம்மா மேல் கோபம், அந்தச் செகரட்டரி மேல் கோபம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் என் மேல் எனக்கு இருந்த கோபத்தில் கால்பங்கு தேறாது. குடையை வேறு கிழித்துத் தொலைத்தேனே.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே "நைனா" என்று ஆகிவிட்டது. படிக்கட்டில் ஏறினால், "யார் ஊட்டுக்கு, நைனா?" தண்ணீர் குடிக்கப் போனால், "யார் ஊட்டுக்கு, நைனா?" முதல் வாரம் அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் வாரம் அதைப் பற்றி வீட்டில் சொல்வதை நிறுத்தினாள். மூன்றாம் வாரம் "இன்னா" போய் "என்ன" வந்தது. "கீது" போய் "இருக்கு" வந்தது. வாய் தவறி நான் ஊடு என்றால், "வீடும்மா" என்று திருத்தினாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. நல்ல தமிழ் பேசுவதில் என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு குறையும் இல்லை. பேசட்டும், நாலு பாஷை பேசட்டும். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது வேறு, ஒன்றைப் பார்த்து வெட்கப்பட்டுத் தூக்கிப் போடுவது வேறு.

ஒரு மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, அவள் அப்பா சாப்பிட வீட்டுக்கு வந்தார். போரூர் போரூர் என்று காலையிலிருந்து கத்தின தொண்டையோடு, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"இன்னா நைனா, துன்னியா?"

"டிராகன் மாதிரி பேசாதப்பா."

அவர் விளையாட்டு என்று நினைத்து, இரண்டு கையையும் இறக்கை மாதிரி தூக்கி உறுமினார். அவள் சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். ஸ்கூலுக்கு வந்தா நீ பேசாத. அம்மா மட்டும் பேசட்டும். அம்மாவுக்கு நல்லாப் பேச வரும்."

அவர் கையை இறக்கினார். என்னைப் பார்த்தார். தட்டைப் போடு என்று சைகை காட்டினார். நான் சாதத்தைப் போட்டேன். மூஞ்சியில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது எனக்கு. அம்மாவுக்கு நல்லாப் பேச வருமாம்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். இந்தத் தடவை அவர் சவாரியை விட்டுவிட்டு வந்தார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மிஸ்ஸின் மேஜைக்கு எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் மகள். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மிஸ் மார்க்கைப் பற்றிச் சொன்னார், கையெழுத்தைப் பற்றிச் சொன்னார், பேச்சு ரொம்ப இம்ப்ரூவ் ஆகியிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சார், நீங்க எதுவுமே கேக்கலையே?" என்றார்.

ஆட்டோவில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பத்துப் பேரிடமும் கதை பேசிக்கொண்டே ஓட்டுகிற மனிதர். மகளைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். என் அப்பா நோட்டை நீட்டிவிட்டு நிற்பாரே, அதே மாதிரி.

"அவரு இன்னாத்துக்குப் பேசலன்னு நான் சொல்றேன் மிஸ்" என்றேன்.

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஜைக்கு அடியில் மகள் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"எங்க ஊட்ல இப்டித்தான் பேசிக்குவோம். இத்தினி நாளா நான்தான் உங்களாண்ட வேற மாரி பேசிகினு இருந்தேன், அது என் தப்பு. இவ தாத்தா கேட்டாண்ட நின்னுகினு வர்றவங்க போறவங்க அத்தினி பேரையும் நைனான்னு கூப்ட்ட மனுசன். அது ஒண்ணும் கெட்ட வார்த்த கெடையாது. அத்த உடுங்க. டிராகன் இன்னாத்துக்குத் தங்கத்து மேலயே குந்திகினு கீதுன்னு அன்னிக்கி கிளாஸ்ல எந்திரிச்சி உங்கள கேட்டாளே, அதுக்கு இன்னா பதில் சொன்னீங்க? அத்த சொல்லுங்க மொதல்ல."

மிஸ் முகம் சிவந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மகள் இன்னும் அழுத்தமாகக் கிள்ளினாள், நகம் புடவையைத் தாண்டித் தோலில் இறங்கியது. திரும்பி அவளைப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீர், வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது: "பேசாதம்மா. ப்ளீஸ்மா. பேசாத."

நான் நிறுத்தவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.